கரும்பொடியும் நம் கடமையும்

யூபிலி மலர்களிற் பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வன. காலை மணியோசை, முதிய ஆசிரியரின் பிரம்பு, விளையாட்டிடத்து ஓரத்தில் நின்ற வேப்பமரம், மறைந்துபோன தோழர் ஆகியன அவற்றில் மீண்டும் மீண்டும் வரும். அவை இனியன. அவற்றை எழுதத் தக்கார் நம்முட் பலர் உளர். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது ஒரு கரும்பொடியைப் பற்றி. பார்ப்பதற்கு அடுப்புக்கரி போன்றதும், தட்டினால் ஓடு போல உடைவதுமாகிய அப்பொருள், யூபிலிக்கென நாம் திரட்டும் நிதியை எவ்வாறு செலவிடல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை கூறவல்லது என்பது நமது துணிபு.

கல்முனைக் கரையில், பாண்டிருப்பு முதல் அக்கரைப்பற்று வரை பரந்து வாழும் பழைய மாணவர் சிலர் அண்மையில் ஒன்றுகூடினோம். இக்கரையிலிருந்து திரட்டப்படும் பங்கினால் நிலையானதொரு காரியத்தை எங்குச் செய்வது, எவ்வாறு செய்வது என ஆராய்ந்தோம். வாயில் வளைவு ஒன்று எழுப்பலாம் என்றார் ஒருவர். மண்டபத்துக்குப் புதிய மேடை அமைக்கலாம் என்றார் மற்றொருவர். சிலை நிறுவலாம் என்றார் வேறொருவர். நாம், இக்கரை மாணவர் யாவரும் பயன்படுத்தத் தக்க உலையறை ஒன்று அமைத்தல் நன்று என்றோம். அவை நகைத்தது. "மட்பாண்டம் சுடவா யூபிலி?" என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆம், மட்பாண்டம் சுடுவதற்கே. அதன் காரணத்தை அன்று விரித்துரைக்க நேரம் வாய்க்கவில்லை. ஆதலின் இங்கு எழுதுகின்றோம்.

மின்னோட்டம் கம்பியிற் செல்லும்போது அக்கம்பி சூடேறுதலை யாவரும் அறிவர். கம்பியின் தடையை வெல்வதற்காக மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகின்றது. ஒல்லாந்து நாட்டு இலெய்டன் நகரிற் காமர்லிங் ஒன்னெஸ் என்னும் அறிஞர் 1908இல் ஈலியம் என்னும் வாயுவைத் திரவமாக்கினார். 1911இல் அத்திரவத்தைக் கொண்டு இரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வின் அளவில், அஃதாவது உறைநிலைக்குக் கீழே 269 பாகை செல்சியசில், இரசத்தின் மின்தடை சடுதியாக மறைந்தொழிந்தது. தடை குறையவில்லை, முற்றாக இல்லாமலே போயிற்று. இத்தகைய பொருளை மீக்கடத்தி என்கின்றோம். மீக்கடத்தி தன்னுள் காந்தப்புலம் புகாவண்ணம் தள்ளும் இயல்பும் உடையது. அதனால் அதன்மேல் வைத்த சிறு காந்தம் பற்றுக்கோடின்றி அந்தரத்தில் நிற்கும்.

ஆயினும் இந்த அற்புதம் நெடுங்காலம் ஆய்வுகூடத்துள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. ஈலியம் அரிது, அதைத் திரவமாக்குதல் அதனினும் அரிது. அறிஞர்கள் உலோகங்களையும் உலோகச் சேர்வைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, 1973அளவில் ஏறக்குறைய 23 கெல்வின் வரையே ஏற முடிந்தது. அறுபது ஆண்டு முயற்சியின் பயன் இருபது படிகூட இல்லை. இதற்குமேல் ஏறுதல் இயலாது என்று கருதியோர் பலர்.

வழி திறந்தது எவரும் எதிர்பாராத திசையிலிருந்து. மின்கம்பத்தின் உச்சியில் வெண்ணிறப் பீங்கான் கிண்ணங்களைக் காண்கின்றோம். மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமற் காப்பன அவை. சுட்டமண்ணினத்துப் பொருள்கள் மின்னைக் கடத்தா என்பதே பொதுவறிவு. அவ்வினத்தைச் சேர்ந்த செப்பொட்சைட்டுச் சேர்வை ஒன்று ஏறக்குறைய 30 கெல்வினில் மீக்கடத்தியாக மாறத் தொடங்குவதைச் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பெட்நோர்ஸ், மியுல்லர் ஆகிய இருவரும் கண்டு 1986இல் வெளியிட்டனர். இலந்தனம், பேரியம், செம்பு, ஒட்சிசன் என்பன அதன் கூறுகள். மறு ஆண்டே, 1987இல், அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அச்சேர்வை அவர்கள் புதிதாகப் படைத்ததன்று. பிரான்சு நாட்டுக் கான் நகரில் இரவோ என்பவரும் அவர்தம் மாணாக்கரும் அதே மூலகங்களாலான ஒட்சைட்டுக்களை ஆக்கி, அவற்றின் மின்கடத்தலையும் அளந்து வெளியிட்டிருந்தனர். அக்கட்டுரையைப் படித்தே பெட்நோர்ஸ் தம் வழியைத் தெரிந்தார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆர். ராவ் அவர்களும் கங்குலி அவர்களும் இலந்தனச் செப்பொட்சைட்டையும் அதனோடொத்த அமைப்புடைய சேர்வைகளையும் 1970களிலிருந்தே ஆராய்ந்து வந்தனர். பொருள் அவர்தம் குப்பிகளில் இருந்தது. அதை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுசென்று பார்க்கும் எண்ணம் ஒருவருக்கும் எழவில்லை. அதை அவர்தம் குறையென நாம் கூறவில்லை. அக்காலத்து எவரும் அவ்வாறு எண்ணியிரார். கையில் இருப்பதை வைத்து இன்னுமொரு வினா எழுப்பத் துணிபவனுக்கே இயற்கை தன் கதவைத் திறக்கின்றது என்னும் உண்மையையே சுட்டுகின்றோம்.

1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் வூ, சூ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலந்தனத்துக்குப் பதிலாக யிற்றியம் சேர்த்து ஆக்கிய பொருள் ஏறக்குறைய 93 கெல்வினிலேயே மீக்கடத்தியாயிற்று. இவ்வெண்ணின் சிறப்பை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். காற்றில் ஐந்தில் நான்கு பங்களவு நைதரசன். அது 77 கெல்வினில் திரவமாகின்றது. அஃதாவது, கிடைத்தற்கரிய ஈலியத்தின் இடத்தில், நாம் மூச்சிழுக்கும் காற்றிலிருந்தே பெறத்தக்க திரவம் போதுமானதாயிற்று. திரவ நைதரசன் நம் கமக்காரருக்குப் புதியதுமன்று. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான உறைவிந்து திரவ நைதரசன் நிறைத்த கொள்கலத்திலேயே பேணப்படுகின்றது. வயலோரத்துப் பட்டிவரை வந்துசெல்லும் அக்குளிர், பாடசாலை ஆய்வுகூடத்தின் படியேறாதது ஏன் என்பதே நமது வினா.

செய்தி பரவிய சில கிழமைகளுள் உலகெங்கும் உலைகள் எரியத் தொடங்கின. பெங்களூரில் ராவ் அவர்களின் குழுவினர் யிற்றியச் சேர்வையை ஆக்கி, அதன் இயல்பை 1987இலேயே 'நேச்சர்' என்னும் இதழில் வெளியிட்டனர். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்திலும் இவ்வாய்வு நடைபெற்றது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த தமிழறிஞர் ஜி. பாஸ்கரன், நோபல் பரிசு பெற்ற ஆண்டர்சனோடு சேர்ந்து, இப்பொருள்கள் ஏன் இவ்வாறு ஒழுகுகின்றன என்பதற்குப் புதியதொரு கொள்கையை 1987இல் முன்வைத்தார். அந்த 'ஏன்' என்னும் வினா இன்றும் முற்றாக முடிவுபெறவில்லை. இவை யாவினும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. கலிபோர்னியாவில் கில்ராய் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர், ஓர் ஆய்வாளரின் துணையோடு, அதே 1987இல் இப்பொருளைத் தம் கையாலேயே ஆக்கிக் காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தினர். நோபல் பரிசு பெற்ற பொருளினத்தை அதே ஆண்டிற் பள்ளிச் சிறார் சுட்டெடுத்த வரலாறு விஞ்ஞானத்தில் மிக அரிது.

அஃது எவ்வாறு இயன்றது? அதன் ஆக்கமுறை அத்துணை எளிது. அத்துணை நுண்ணியதும் ஆகும். யிற்றியம் ஒரு பங்கு, பேரியம் இரு பங்கு, செம்பு மூன்று பங்கு என அணுக்கள் அமைதல் வேண்டும். எனவே இதனை 1-2-3 சேர்வை என்பர். யிற்றியமொட்சைட்டு 1.13 கிராம், பேரியங்காபனேற்று 3.95 கிராம், செப்பொட்சைட்டு 2.39 கிராம் என நிறுத்து எடுத்து, கல்வத்திலிட்டுக் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாதவரை அரைத்து, 900 முதல் 950 பாகை வரை உலையிற் பல மணிநேரம் சுடல் வேண்டும். பேரியங்காபனேற்று தன் காபனீரொட்சைட்டை எளிதில் விடாது. ஒரு முறை சுட்டு விட்டுவிடுமென எண்ணுதல் தவறு. ஆகவே எடுத்து மீண்டும் அரைத்து மீண்டும் சுடல் வேண்டும். பின்னர் அழுத்தி வில்லையாக்கி, மூன்றாம் முறை சுடல் வேண்டும். இறுதியிற் கிடைப்பது ஏறக்குறைய 6.66 கிராம் கரும்பொருள். வெப்பம் 1000 பாகையைத் தாண்டினாற் சேர்வை சிதையத் தொடங்கும். மிகக் குறைந்தால் வினை நிறைவுறாது.

அரைத்தல், சுடல், மீண்டும் அரைத்தல், மீண்டும் சுடல் என்னும் இம்முறையைக் கேட்டவுடன் சாய்ந்தமருதைச் சேர்ந்த நம் நண்பர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், புன்முறுவல் செய்தார். அவர்தம் தந்தையார் யூனானி வைத்தியர். "வாப்பா குஷ்தா செய்த முறையும் இதுதானே, சேர்!" என்றார். உண்மையே. நம் சித்த வைத்தியர் பற்பமும் செந்தூரமும் செய்தற்கு மருந்தைக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி, அகலிலிட்டுச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிட்டனர். இத்தனை புடமென்று கணக்கும் வைத்தனர். அவர்கள் மீக்கடத்தியை அறிந்திருந்தனர் என்று கூறும் பேதைமை நமக்கில்லை. வீண்பெருமை விஞ்ஞானத்துக்குப் பகை. ஆயினும் கையின் பொறுமையால் திண்மப் பொருளை உருமாற்றும் கலை இக்கரையின் இரு சமூகத்தாருக்கும் அந்நியமன்று. நாம் இரசாயன வகுப்பில் வழங்கும் 'அற்ககோல்' என்னும் சொல்லே அரபு மொழியிற் பிறந்தது. அம்மொழியில் எழுதிய அறிஞரிடமிருந்து ஐரோப்பியர் வடித்தலும் படிகமாக்கலும் கற்றனர்.

நிற்க. சுட்டெடுத்தலோடு வேலை முடிவதில்லை. உண்மையான நுட்பம் ஆறவிடுதலிலேயே இருக்கின்றது. உலை 950 பாகையில் இருக்கும்போது இச்சேர்வையில் ஒட்சிசன் அணுக்கள் 6க்குச் சற்று மேலான அளவிலேயே தங்கும். அந்நிலையில் உடனே வெளியே எடுத்துக் குளிர்வித்தால் அது மீக்கடத்தியாகாது; வெறுங் கரிய ஓடே. ஒட்சிசன் சூழ மெதுவாக ஆறவிட்டு, 400 முதல் 500 பாகையளவில் நெடுநேரம் நிறுத்தினால், அது ஒட்சிசனை மூச்சிழுப்பதுபோல் உட்கொண்டு 7ஐ அணுகும். படிக அமைப்பும் மாறும். அப்பொழுதே அது 90 கெல்வினுக்கு மேலான சிறப்பைப் பெறும். ஒட்சிசன் 6.4க்குக் கீழ்ப்பட்டால் சிறப்பு முற்றாகப் போய்விடும். ஒரே பொருள், ஒரே நிறை, ஒரே உலை. ஆறவிட்ட பொறுமை மட்டுமே வேறு.

இதனை நாம் நூலிற் படித்து எழுதவில்லை. பல ஆண்டுகளின் முன் கடல்கடந்த ஓர் ஆய்வுகூடத்திற் சிறிது காலம் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. அப்பொழுது நாம் இரசாயன ஆசிரியராய்ப் பத்தாண்டு கழித்தவர். பல்லாயிரம் வினாக்களுக்குக் கரும்பலகையில் விடை எழுதியவர். முதல் வில்லையைச் சுட்டு எடுத்தபோது அது கருமையாயிருக்கவில்லை; ஆங்காங்கே பச்சை படர்ந்திருந்தது. யிற்றியம் இரண்டு, பேரியம் ஒன்று, செம்பு ஒன்று என அமைந்த வேறொரு சேர்வை அது, மின்னைக் கடத்தாதது. தராசு பழுதென்றோம். அங்கு எமக்கு வழிகாட்டிய இளைஞர், நம் மாணவர் வயதினர், மிக்க பணிவோடு, "தராசு சரியாகத்தான் இருக்கிறது ஐயா, இன்னும் ஒரு மணிநேரம் அரைத்துப் பாருங்கள்" என்றார். அரைத்தோம். இரண்டாம் வில்லை கறுத்தது. ஆனால் விரைந்து ஆறவிட்டமையாற் காந்தம் அசையவில்லை. மூன்றாம் வில்லையின்மேலே, வெண்புகை தவழும் திரவ நைதரசனிடையே, அரிசிமணியளவான காந்தம் எழுந்து நின்றது. ஐம்பதை அணுகிய நம் கண்கள் கலங்கின. அக்காந்தத்துக்காக மட்டும் அவை கலங்கவில்லை. இத்தனை ஆண்டும் நம் மாணவருக்கு இவ்வனுபவத்தில் ஒரு துளியேனும் கொடாமல் இரசாயனம் கற்பித்தோமே என்னும் வருத்தமும் அதனுட் கலந்திருந்தது.

பொடியை அரைக்கும் முறையினும் நயமான முறைகள் உள. எவ்வளவு அரைத்தாலும் ஒரு பொடித்துகளினுள்ளே கோடிக்கணக்கான அணுக்கள் தம்மினத்தோடேயே கூடியிருக்கும். ஆகவே மூன்று உலோகங்களையும் நைத்திரேற்றுக் கரைசலாக்கி, ஒன்றாகக் கலந்து, ஒட்சாலிக்கமிலத்தால் வீழ்படியச் செய்தல் ஒரு வழி. பெட்நோர்ஸ் தம் முதற் சேர்வையை ஆக்கியதும் இவ்வழியிலேயே. எலுமிச்சையிற் காணப்படும் சித்திரிக்கமிலத்தைச் சேர்த்து வற்றக் காய்ச்சிக் களியாக்கி, அக்களியை எரித்துப் பொடியாக்குதல் மற்றொரு வழி. மருதமுனை நெசவாளர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இரு நிறத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலத்தல் வேறு. இரு நிற நூல்களைப் பாவும் ஊடுமாகக் கோத்து நெய்தல் வேறு. முன்னது அரைத்தல், பின்னது கரைசல்முறை. நூலுக்கு நூல் கலந்தமையால் சூடு குறைவாகவும் காலம் சுருக்கமாகவும் போதும்.

இனி, ஆக்கிய வில்லையில் ஒட்சிசன் எவ்வளவு உண்டென அறிதல் எங்ஙனம்? பெரும் பொறிகள் வேண்டுமோ? வேண்டா. நம் உயர்தர வகுப்பு மாணவன் தயோசல்பேற்றுக் கரைசலைக் கொண்டு அயடீனை நியமிப்புச் செய்யப் படிக்கின்றானே, அதுவே போதும். வில்லைத்தூளின் ஒரு பகுதியை அமிலத்திற் கரைத்துக் கொதிக்கவைத்த பின்னர்ப் பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்து நியமித்தாற் செம்பின் முழு அளவு தெரியும். மற்றொரு பகுதியை அயடைட்டோடு சேர்த்தே அமிலத்திற் கரைத்து நியமித்தால் அதனினும் கூடுதலான அயடீன் வெளிப்படும். இரண்டற்கும் உள்ள வேற்றுமை, செம்பு தன் வழக்கமான வலுவளவு இரண்டினைத் தாண்டி எவ்வளவு ஏறியுள்ளது என்பதைக் காட்டும். ஒட்சிசன் 6.5 ஆயிற் சராசரி வலுவளவு 2. ஒட்சிசன் 7 ஆயின் 2.33. வினாத்தாளுக்காக மனனஞ் செய்த ஒரு நியமிப்பு, உலகத்து ஆய்வாளரும் கையாளும் கருவியாக அவன் கண்முன் மாறுகின்றது. கல்வி என்பது இம்மாற்றமேயன்றி வேறென்ன?

நம் நாட்டு உயர்தர இரசாயனப் பரீட்சையில் இன்று தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. வினாத்தாளிற் செய்முறை பற்றிய வினாக்கள் மட்டும் உண்டு. அவற்றுக்குச் செய்துபாராமலே விடை எழுதும் வித்தையை நம் பிள்ளைகள் நன்கு கற்றுவிட்டனர். தனியார் வகுப்புக்களிற் கற்பிக்கவும் படுகின்றது. குறை பிள்ளைகளிடத்தன்று. ஓர் ஆய்வுகூட அலுமாரியில், முத்திரை உடையாத போத்தல்களின் பெயர்ச்சீட்டுக்களைக் கரப்பான் அரித்திருக்கக் கண்டோம். 'திறந்தால் முடிந்துவிடும்' என்னும் அச்சத்தாற் பூட்டப்பட்டிருந்தன அவை. 2004 டிசம்பர் 26இற் கடல் பொங்கி நம் கரையை அழித்தபோது பாடசாலைகள் பலவும் அழிந்தன. பின்னர்க் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் எழுப்புவார் கிடைத்தனர். அலுமாரியைத் திறப்பாரைத் தேடுகின்றோம்.

காரைதீவிற் பிறந்து கல்முனையிற் கற்ற விபுலாநந்த அடிகளை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவே போற்றுகின்றோம். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. இந்துக் கல்லூரி ஒன்றின் அதிபராயிருந்தவர். தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் முயற்சியில் முன்னின்றவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில், மறைந்துபோன யாழ்களை ஏட்டுச் சொற்கொண்டு புகழ்ந்ததோடு அமையாது, நரம்பின் நீளத்தையும் சுருதியின் அலகையும் கணக்கிட்டு நிறுவ முயன்றார். புகழ்தலோடு நில்லாது அளந்து பார்த்தலே அவர் விட்டுச்சென்ற வழி. அவருக்குச் சிலை வைத்தல் எளிது. அவரைப்போல் அளக்கும் கைகளை ஆக்குதல் அரிது.

நமது யோசனைக்கு எழக்கூடிய தடைகளையும் ஆராய்தல் நியாயம். இதனால் என்ன பயன் என்பர் சிலர். மீக்கடத்தி ஓடு கம்பியாக நீட்ட வராது. எளிதில் உடையும் என்பது மெய். ஆயினும் அதனை உலோக நாடாமேற் படலமாகப் படியச்செய்யும் இரசாயன முறைகள் வளர்ந்துள்ளன. சேர்மனியின் எசன் நகரில் 2014இல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமான மீக்கடத்தி வடம் நகர மின்வழங்கலில் இணைக்கப்பட்டது. 2021இல் அமெரிக்காவில் இவ்வினத்து நாடாவாற் சுற்றிய பெருங்காந்தம் 20 தெசுலா வலிமையை எட்டியது. எனினும் நம் மாணவர் நாளையே மின்வடம் ஆக்குவர் என நாம் உறுதி கூறவில்லை. திருத்தமாக நிறுக்கவும், பொறுமையாக ஆறவிடவும், பிழையை ஒப்புக்கொள்ளவும் கற்பர் என்றே கூறுகின்றோம்.

அக்கல்வியின் பயனை 2023 காட்டியது. அவ்வாண்டு யூலையில், கொரியா நாட்டார் சிலர் ஈயமும் செம்பும் பொசுபரசும் கலந்த சேர்வை ஒன்று அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என அறிவித்தனர். உலகம் ஆர்ப்பரித்தது. சில கிழமைகளுள் புதுதில்லித் தேசிய ஆய்வுகூடம் உட்படப் பல நாட்டாரும் அதனைத் தாமே ஆக்கிப் பார்த்தனர். மீக்கடத்தல் காணப்படவில்லை. அதனுட் கலந்திருந்த செப்புச் சல்பைட்டு மாசு, ஏறக்குறைய 100 பாகையில் உருமாறுவதாலேயே மின்தடை சடுதியாக வீழ்ந்ததென விளங்கிற்று. ஆரவாரத்தை அடக்கியவை வாதங்கள் அல்ல; கல்வமும் உலையுமே. செய்திகள் கணப்பொழுதிற் பறக்கும் இக்காலத்தில், 'செய்து பார்த்தாயா?' என்று கேட்கத் தெரிந்த தலைமுறை நமக்கு வேண்டும்.

மின்சாரத்துக்கு எங்கே போவது என்பர் வேறு சிலர். 2022இல் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் இருளிலிருந்த நாடு நமது என்பதை மறக்கவில்லை. சிறிய உலை ஒன்றே போதும். பல பாடசாலைகளின் வில்லைகள் ஒரே சூட்டில் வேகலாம். ஆபத்தன்றோ என்பர் இன்னுஞ் சிலர். ஆம். பேரியச் சேர்வைகள் நஞ்சு. திரவ நைதரசன் தோலைச் சுடும், மூடிய அறையில் மூச்சுக்காற்றை விலக்கும். உலையின் சூடு சொல்லவேண்டியதில்லை. ஆகவேதான் பயிற்சி பெற்ற ஆசிரியரும், காற்றோட்டமுள்ள அறையும், கையுறையும் கண்காப்பும், எழுதிவைத்த ஒழுங்குவிதியும் முதலில் வேண்டும் என்கின்றோம். ஆபத்தை மதித்துக் கையாளப் பழகுதலும் கல்வியே.

இறுதியாக, இவ்வுலையறை யாருக்கு உரியது? இது நம் கல்லூரியின் பெயரால் அமையலாம். ஆனால் அதன் கதவு கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை, அட்டாளைச்சேனை என்னும் ஊர்களின் பிள்ளைகள் யாவருக்கும் திறந்திருத்தல் வேண்டும். சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கின்றது. அதன் ஆசிரியரின் வழிகாட்டலை நாடலாம். இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வேலிக்குள் வாழ்கின்றோம். ஒரே மொழியிற் கனாக்காண்கின்றோம்; ஒரே சந்தையில் விலைபேசுகின்றோம். ஆயினும் நம் பிள்ளைகள் ஒரே மேசையிலிருந்து ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வாய்ப்போ மிகக் குறைவு. கசப்பான ஆண்டுகளும் நம்மிடையே கடந்துள்ளன. கல்வத்தில் ஒருவன் அரைக்க, மற்றவள் நிறுக்க, வேறொருவன் உலையைக் காத்திருக்க, இரவெல்லாம் ஆறவேண்டிய வில்லைக்காக யாவரும் சேர்ந்து பொறுத்திருத்தல், எத்தனை நல்லிணக்கக் கூட்டங்களும் தரமுடியாத பயிற்சியன்றோ?

வாயில் வளைவு நன்றே. வருவோர் அண்ணாந்து பார்ப்பர். சிலையும் நன்றே, ஆண்டுக்கொருமுறை மாலை விழும். நம் யூபிலிப் பங்கோ, ஒரு சிறுமி தானே அரைத்துத் தானே சுட்டெடுத்த கரும்வில்லையின்மேற் காந்தம் எழுந்து நிற்பதைக் கண்டு வியந்து, "ஐயா, இது ஏன்?" என்று வினவும் அந்தக் கணத்தை வாங்கித் தருமாக. முதல் வில்லை பச்சையாகவே வரும்; வரட்டும். மீண்டும் அரைப்போம். பழைய மாணவ அன்பர்கள் இவ்யோசனையை ஆறவமர எண்ணி, அடுத்த கூட்டத்தில் தம் கருத்தினைத் தெரிவித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.